பெண்கள் பெட்டி

1

கிள்ளானிலிருந்து காலையில் புறப்படும் ரயிலில் நானும் என் மகள் தர்ஷினியும் ஒன்றாகத்தான் ஏறுவோம். ஆனால் ஒன்றாக உட்கார மாட்டோம். இங்கே மலேசியாவில் ரயிலின் நடுவில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. கதவில் இளஞ்சிவப்பு நிறத்தில் அடையாளம் ஒட்டியிருக்கும். அவள் அதில் ஏறிக்கொள்வாள், நான் அதற்கு அடுத்த பெட்டியில். அவள் சுபாங் ஜெயாவில் இறங்கிப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். நான் சென்ட்ரல் வரை போய், அங்கிருந்து நடந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடைக்குப் போவேன்.

சுபாங் ஜெயா வந்ததும் நான் கதவோரம் போய் எட்டிப் பார்ப்பேன். முதல் சில வாரங்கள் அவள் இறங்கி நின்று கை காட்டினாள். பிறகு கை காட்டுவது நின்றது. பெரிய பிள்ளையாகிவிட்டாள், வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். அதன் பிறகு அவள் என் கண்ணில் படுவதே நின்றது. அங்கே இறங்குகிற கூட்டம் அப்படி. எல்லோர் முதுகிலும் ஒரே மாதிரி பை. இந்தக் கூட்டத்தில்தான் போயிருப்பாள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

“மகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டாய், இனி உனக்கென்ன கவலை” என்று ஊரில் இருந்து பேசுகிற எல்லோரும் சொல்கிறார்கள். போனில் நான் சிரித்து வைப்பதோடு சரி. போனில் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கிறேன்.

2

கடையில் நான் தண்ணீர் கலக்குபவன். இங்கே தேநீர், காப்பி, மைலோ, எலுமிச்சைச் சாறு எல்லாவற்றுக்கும் சேர்த்துத் ‘தண்ணி’ என்றுதான் பேர். மேசைக்குப் போகும் பையன்கள் அங்கிருந்தே கத்துவார்கள். “அண்ணே, தே ரெண்டு, கோப்பி ஒண்ணு, ஒண்ணு சீனி கம்மி!” நான் கலந்து பலகையில் வைப்பேன். வாடிக்கையாளர்களுக்கு என் முதுகுதான் தெரியும். முதலாளி பலமுறை மேசைக்குப் போகச் சொல்லியிருக்கிறார். அங்கே கொஞ்சம் மரியாதை கூட, வாடிக்கையாளர் அன்பாய்க் கொடுப்பதும் கிடைக்கும். நான் போகவில்லை. முகம் தெரியாத நாலு பேர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு மலாய் தெரியாது என்று என் மனைவி பரமேஸ் எல்லோரிடமும் சொல்வாள். அவள் கிள்ளானில் பிறந்தவள். அவளைக் கட்டிக்கொண்டதால்தான் நான் இங்கே தங்கினேன். உண்மையில் எனக்கு மலாய் தெரியும். கவுண்டருக்கு முன்னால் நின்றால்தான் வராது.

பரமேஸ் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவள். அதனால் கிளினிக், வங்கி, மின்சாரக் கட்டணம் என்று எங்கே போனாலும் தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. கவுண்டரின் கண்ணாடி அவள் நெற்றிக்கு எட்டும். கால் விரலில் நின்றுகொண்டு, “கக்காக், என் அப்பாவுக்கு வயிறு வலிக்குது. நேத்துலேருந்து” என்று மலாயில் பளிச்சென்று சொல்வாள். மலாயில் ‘அக்கா’ என்று கூப்பிட்டதற்கே உள்ளே இருக்கும் பெண் சிரித்துவிடுவாள். நான் பின்னால் நின்று தலையாட்டுவேன்.

அந்தக் குழந்தைக்குப் பயமே கிடையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

3

தர்ஷினி பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரம் வீட்டுக்கு வந்தால் ஷர்மினி, ஷர்மினி என்று ஒரே பேச்சு. பெட்டாலிங் ஜெயாப் பிள்ளை. தமிழ்ப் பிள்ளைதான், ஆனால் வீட்டிலேயே இங்கிலீஷ்தான் பேசுவார்களாம். “ஷர்மினி பக்கத்துல இடம் பிடிச்சு வச்சிருந்தாபா.” பிறகு அந்தப் பேர் குறைந்தது. பிறகு வரவேயில்லை. காலையில் சோறு இறங்கவில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவாள். பரமேஸ் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். மாத்திரை கொடுத்தார்கள்.

தீபாவளி வந்தது. இங்கே தீபாவளிக்கு வீட்டைத் திறந்துவைத்து எல்லா இனத்தவரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவது வழக்கம். தீபாவளி முடிந்து ஒரு மாதம் வரைக்கும்கூட நடக்கும். பரமேஸ்தான் ஆரம்பித்தாள்.

“உன் கிளாஸ் பிள்ளைங்கள எல்லாம் கூப்பிடு லா. ஒரு நாள் நம்ம வீட்டுல சாப்பிடட்டும். அப்புறம் பாரு, எப்படி ஒட்டிக்குவாங்கன்னு.”

“கூப்பிட்டுட்டேன்மா. குரூப்புல மெசேஜ் போட்டாச்சு.”

கோழி, ஆட்டிறைச்சி, சைவம் தனியாக, கேசரி என்று காலையிலிருந்து சமைத்தோம். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் வந்தது. பரமேஸின் தொழிற்சாலைத் தோழிகள் வந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. தர்ஷினி புதுப் பாவாடை தாவணியோடு வாசல் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தாள். சாயந்திரம் ஆனதும், “எல்லாருக்கும் டெஸ்ட்டுபா” என்று சொல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு வேறொன்று தோன்றியது. எங்கள் ஊரில், அறந்தாங்கிப் பக்கம், காதுகுத்தோ கல்யாணமோ, வீடேறிப் போய் அழைத்தால்தான் அழைப்பு. ஆள்விட்டுச் சொன்னால் வரமாட்டார்கள். வாசலில் நின்று, குங்குமம் நீட்டி, “கட்டாயம் வந்துடணும்” என்று வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருவரை விட்டாலும் மனத்தாங்கல். மெசேஜில் கூப்பிட்டால் எப்படி வருவார்கள்? பெற்றவர்கள் போய் முறையாக அழைக்கவில்லை, தப்பு நம் மீதுதான் என்று நினைத்தேன்.

பரமேஸிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். “ஏங்க, இது மலேசியா. உங்க ஊரு மாதிரி நெனச்சுக்கிட்டு எங்கயாவது போய் நிக்காதீங்க.”

அதைக் கேட்டிருக்கலாம்.

4

அடுத்த வாரம் ஒரு நாள் கடையில் குழாய்த் தண்ணீர் வரவில்லை என்று மதியத்துக்கு முன்பே அடைத்துவிட்டார்கள். என் பையில் முறுக்கு டப்பா ஒன்று இருந்தது. என்றைக்காவது போக வேண்டும் என்று நாலைந்து நாளாகவே அதைச் சுமந்துகொண்டு இருந்தேன். சட்டைப் பையில் குங்குமச் சிமிழ். திரும்பும் ரயிலில் சுபாங் ஜெயாவில் இறங்கினேன்.

பல்கலைக்கழக வாசலில் காவலாளி அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். என்னிடம் கடவுச்சீட்டுதான் இருக்கிறது. அதைக் கையை விட்டுக் கொடுப்பது என்றால் வெளிநாட்டில் இருப்பவனுக்கு உயிரே போகும். மனைவியோடு போய் வரிசையில் நின்று, கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்ல, வருடா வருடம் முத்திரை வாங்கிய புத்தகம் அது. கொடுத்தேன். அவர் அதை இழுப்பறையில் போட்டுவிட்டுக் கழுத்தில் மாட்ட ஓர் அட்டை தந்தார். அந்த அட்டையைக் கையில் பிடித்தபடியே நடந்தேன்.

உள்ளே எல்லோரும் கூட்டம் கூட்டமாகத்தான் இருந்தார்கள். தனியாக யாருமே இல்லை. அது என்னை முதலில் பயமுறுத்தியது. கேன்டீன் பக்கம் தமிழ் முகமாகத் தெரிந்த ஒரு பையனிடம் ஷர்மினி என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. முதல் தடவை குரலே வரவில்லை. அவன் ஒரு மேசையைக் காட்டினான்.

மேசையைச் சுற்றி ஆறேழு பேர். எல்லோரும் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் ஊரில் சொல்லுகிற மாதிரியே சொன்னேன்.

“நான் தர்ஷினியோட அப்பா. தீபாவளிக்கு நீங்க யாரும் வரல. இந்த ஞாயித்துக்கிழமை கட்டாயம் வந்துடணும். எல்லாரும்.”

முறுக்கு டப்பாவை மேசைமேல் வைத்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீலக் கண்ணாடி போட்ட பெண் எழுந்தாள். அவள்தான் ஷர்மினி. மரியாதையான பிள்ளை.

“அங்கிள், சாரி... தீபாவளிக்கு எங்கள யாரும் கூப்பிடலியே?”

“குரூப்புல மெசேஜ்...”

“தர்ஷினி எங்க குரூப்புல இல்ல அங்கிள்.”

பக்கத்தில் இருந்த பையன் சொன்னான். “அவ வந்தே ரொம்ப நாள் ஆச்சு. குவிட் பண்ணிட்டான்னு நெனச்சோம்.”

“இல்லப்பா, தினம் வருதே. காலையில என்கூடத்தான் ரயில்ல வருது.”

ஷர்மினி மெதுவாகச் சொன்னாள். “ஃபர்ஸ்ட்ல நாங்க கூப்பிட்டோம் அங்கிள். லஞ்சுக்கு, மூவிக்கு. அவ வரல. வந்தாலும் பேச மாட்டா. அப்புறம் கூப்பிடறத விட்டுட்டோம். வேணும்னு செய்யல அங்கிள்.”

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. கடைப் பையன்களிடம் என்னைப் பற்றிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அண்ணன் வரமாட்டார், பேசமாட்டார், அதனால் கூப்பிடுவதில்லை என்று.

வெளியே வந்து தர்ஷினிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதினால் எனக்குப் படிக்க வராது என்பதால் அவள் எப்போதும் பேசித்தான் அனுப்புவாள்.

“கிளாஸ்ல இருக்கேன்பா. அப்புறம் பேசுறேன்.”

ரகசியம் பேசுவதுபோல மெல்லிய குரல். அதற்குப் பின்னால், தெளிவாக, மலாயில் ஒரு பெண்ணின் அறிவிப்பு. அடுத்த நிலையம், பத்து தீகா.

என் பிள்ளை ரயிலில் இருந்தாள்.

5

காவலாளியிடம் கடவுச்சீட்டை வாங்கினேனா, எப்படி வாங்கினேன் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. கையில் இருந்தது, அவ்வளவுதான் தெரியும். பத்து தீகா, சுபாங் ஜெயாவுக்கு அடுத்த நிலையம். ரயில் இந்தப் பக்கம் வருகிறதா, கிள்ளான் பக்கம் போகிறதா தெரியாது. காலையிலிருந்து அதிலேயே இருக்கிறாளா? இத்தனை வாரமாகவா? யாருக்காவது காத்திருக்கிறாளா? தண்டவாளத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. நான் நினைத்ததை எல்லாம் இங்கே எழுத மாட்டேன். பெண் பிள்ளை பெற்றவர்களுக்கு எழுதாமலே தெரியும்.

சுபாங் ஜெயா நிலையத்துக்கே திரும்பினேன். நடைமேடையில் பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்துக்குத் தரையில் இளஞ்சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். அங்கே போய் நின்றேன். பக்கத்தில் நின்ற பெண்கள் கொஞ்சம் தள்ளிப் போனார்கள்.

முதல் ரயில் வந்தது. கதவு திறந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு கால் உள்ளே போய்விட்டது. முக்காடு போட்ட ஓர் அம்மாள், “பாக்சிக், இது பெண்கள் பெட்டி” என்று, மாமா முறை சொல்லியே, மலாயில் அதட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு நாளாக இருந்தால் அந்தப் பார்வையிலேயே நான் செத்திருப்பேன். காலை எடுத்துவிட்டு, வாசலில் நின்றபடி, “தர்ஷினி!” என்று கூப்பிட்டேன். கடையில் பையன்கள் கத்துவதுபோலக் கத்தினேன். பதில் இல்லை. கதவு மூடிக்கொண்டது.

அடுத்த ரயில் வர நேரமாயிற்று. அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, நிலையக் காவலர் வந்துவிட்டார். இளைஞர். என்னை மேலும் கீழும் பார்த்து யாரைத் தேடுகிறேன் என்று கேட்டார்.

“பிள்ளை. என் பிள்ளை. படிக்கப் போகவில்லை. ரயிலில் இருக்கிறாள். பெண்கள் பெட்டியில்.” எனக்கே தெரியாமல் எல்லாம் மலாயில் வந்தது.

அவர் முகம் மாறியது. “எத்தனை வயது பாக்சிக்?”

“பத்தொன்பது.”

காணாமல் போன சின்னக் குழந்தை என்று நினைத்திருப்பார். ஆனாலும் போகவில்லை. என் பக்கத்திலேயே நின்றார்.

அடுத்து வந்த ரயிலிலும் இல்லை. அதற்கடுத்த ரயில் நிற்பதற்கு முன்பே, நகரும் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துவிட்டேன். கதவோர இருக்கை. கண்ணாடியில் தலையைச் சாய்த்து, காதில் பாட்டுக் கம்பி மாட்டியிருந்தாள். மடியில் புத்தகப் பை. அதன்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். கூப்பிட்டேன், கேட்கவில்லை. அருகில் உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பெண்மணி என்னையும் அவளையும் பார்த்துவிட்டு அவள் தோளைத் தொட்டார். தர்ஷினி நிமிர்ந்தாள்.

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். திருடியவள் முகம் இல்லை, கோபம் இல்லை. வெறும் பயம். கண்ணாடி முன்னால் நின்று என்னையே பார்த்ததுபோல இருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. கதவு மூடும் மணி அடித்தது. “இறங்கும்மா” என்றேன். கதவு மூடியது. ரயில் அவளைக் கொண்டு போயிற்று.

“அடுத்த ஸ்டேஷனில் இறங்குவாள், பாக்சிக்” என்றார் காவலர். அவருக்கு எப்படித் தெரியும்? நான் அந்தக் கோட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். போன் செய்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று செய்யவில்லை. செய்யாவிட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்றும் இருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்த் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்த் திசையில் ஒரு ரயில் வந்து நின்று புறப்பட்டது. அது போன பிறகு எதிர் நடைமேடையில் அவள் மட்டும் நின்றாள்.

“அங்கயே நில்லுபா!” என்று கத்தினாள். “தாண்டாத! நான் வரேன்!”

6

நடைமேடைப் பலகையில் உட்கார்ந்தோம். காவலர் ஒரு தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

“உனக்கு எப்படிபா தெரிஞ்சுது?”

சொன்னேன். கேன்டீன், மேசை, ஷர்மினி, முறுக்கு. அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“ஐயோ ப்பா! அவங்ககிட்டப் போய் முறுக்கு கொடுத்தியா?”

“அழைக்கப் போனா வெறுங்கையோடயா போவாங்க?”

“எல்லார் நெத்தியிலயும் குங்குமம் வச்சியா, சொல்லிடு.”

“சிமிழ எடுக்கல. பையிலதான் இருக்கு.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். வகுப்பில் முன்னால் நின்று பேச வேண்டிய நாளில் குரல் நடுங்கியதாம். யாரோ சிரித்தார்களாம். குழு பிரிக்கச் சொன்னால் கடைசியில் இவள் மட்டும் மீதி. ஆசிரியர் ஒரு குழுவில் தள்ளிவிட்டார். அவர்கள் இவள் இல்லாமலே தனியாகப் பேசிக்கொண்டார்கள். கேன்டீனில் ஒரு நாற்காலியைத் தொட்டபோது ஆள் வருகிறது என்றார்கள். கடைசி வரை அங்கே யாரும் வரவில்லை.

“அப்புறம் வாசல் வரைக்கும் போவேன்பா. நெஞ்சு அடிச்சுக்கும். திரும்பிடுவேன். அப்புறம் இறங்கவே முடியல. பெண்கள் பெட்டியில யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நீ யாரு, எந்த குரூப்பு... எதுவும் கெடையாது. உட்கார்ந்திருந்தா போதும்.”

எனக்குத் தண்ணீர் கலக்கும் இடம், அவளுக்கு இந்தப் பெட்டி.

நான் ஏன் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினேன் என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு பதில் உண்டு. வறுமை. நானும் அப்படியே விட்டுவிட்டேன். அன்று அவளிடம் சொன்னேன். ஆறாம் வகுப்புக்குப் பெரிய ஊருக்குப் போக வேண்டும். புதுப் பிள்ளைகள் பெஞ்சில் இடம் விடவில்லை. நான் கேட்கவும் இல்லை. பஸ்ஸில் போய், பஸ் ஸ்டாண்டிலேயே இருந்துவிட்டுத் திரும்பினேன். ஒரு நாள் என் அப்பா என்னை அங்கே பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. “பிடிக்கலன்னா விட்டுடு” என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த நிம்மதியில்தான் இன்று வரை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தர்ஷினி என் பக்கம் திரும்பினாள். “அப்போ நானும் நின்னுடட்டுமா?” என்றாள். நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தால் அந்த வார்த்தை வாய்வரை வந்துவிட்டது.

“நாளைக்கு நானும் இறங்குறேன்” என்றேன்.

மறுநாள் அவள் என் பெட்டியில் ஏறினாள். இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சுபாங் ஜெயாவில் கதவு திறந்தபோது அவள் என் சட்டையின் கைப்பகுதியைப் பிடித்திருந்தாள், கிளினிக்குக்குப் போகும்போது நான் அவள் கையைப் பிடித்துக்கொள்வதுபோல. மாணவர்களுக்கான அலுவலகத்தில் உயரமான கவுண்டர். அதற்குப் பின்னால் வேலை மும்முரத்தில் ஒரு பெண். தர்ஷினியின் உதடு வெளுத்திருந்தது. எனக்கும் காதில் ரத்தம் இரைந்தது. ஆனால் அவளுக்குப் பின்னால் நிற்க முடியாது. நான் முன்னால் போனேன்.

“கக்காக்” என்றேன். “என் பிள்ளைக்குப் பயம். ரொம்பப் பயம். வகுப்புக்கு... வகுப்பில் இருக்கிறவர்களோடு...”

அதற்கு மேல் மலாய் வரவில்லை. அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். என் தோளுக்குப் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று, கரகரப்பாக, நான் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

“...உட்கார முடியல. அவங்களோட உட்கார முடியல. அந்தப் பிள்ளை நான்தான்.”

வாரம் ஒருமுறை அங்கே ஓர் ஆலோசகரிடம் பேசுகிறாள். வகுப்புக்கு வராத நாட்களுக்காக இந்தப் பருவத்தைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கலாம், இன்னும் முடிவு சொல்லவில்லை. ஷர்மினி டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாளாம். வேறெதுவும் பேசவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை வயிற்று வலி போகவில்லை.

அவள் மறுபடி பெண்கள் பெட்டியில்தான் ஏறுகிறாள். அது அவளுக்குப் பிடித்த இடம், அதை நான் பறிக்கவில்லை. சுபாங் ஜெயாவில் இறங்கியதும் நடைமேடையில் நின்று, என் பெட்டி தன்னைக் கடக்கும் வரை காத்திருப்பாள். கை காட்ட மாட்டாள், நிற்பாள். சில நாட்கள் கூட்டம் மறைத்துவிடும். அன்றைக்கெல்லாம் சென்ட்ரல் வரை எனக்கு மூச்சு சரியாக வராது. கடையில் முதல் தேநீர் சிந்திவிடும். “அண்ணே, இன்னிக்கு என்ன?” என்று பையன்கள் கேட்பார்கள். முன்பெல்லாம் ஒன்றுமில்லை என்பேன்.

இப்போது திரும்பி நின்று, “என் மகள் இறங்கினதப் பாக்கலப்பா” என்று சொல்கிறேன்.